சட்டம்

என்னிடம் வரும்போது எல்லாச் சால்வையும்
கசங்கிய கந்தல்தான்.
அடுப்புப் புகையும் மீன் வாடையும் ஏறி
உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.
வெந்நீரில் சோப்புக் கரைத்து அமுக்குவேன்,
கசக்கமாட்டேன்.
பீப்பாயின் அடியில் கந்தகம் புகைத்து
ஓரிரவு மேலே தொங்கவிட்டால்
விடிகாலையில் வெள்ளை.
பிறகு சட்டம்.
நாலு மரக்கழி, கழி நெடுக முளை.
ஓரத்துப் பல் ஒவ்வொன்றிலும் நூல் கோத்து
இழுத்துக் கட்டினால்
அதுவரை ஊமையாய்க் கிடந்தது
வாய் திறக்கும்.

எந்த வரிசையில் பிள்ளை அழுதது,
எந்த வரிசையில் விளக்கில் எண்ணெய் தீர்ந்தது,
எந்த வரிசையை மாமியார் பக்கத்தில் இருக்கும்போது பின்னினாள்,
எல்லாம் ஈரத்தில் தெரியும்.
இந்த அன்ஸ்ட் தீவில்
பாதிரியாரைவிட எனக்கு அதிகம் தெரியும்.
ஒரு சால்வைக்கு இரண்டு ஷில்லிங்,
வாயை மூடுவதும் அதில் சேர்த்தி.

ஓஸ்லாவின் சால்வை ஆகஸ்டில் வந்தது,
லெர்விக் கண்காட்சிக்கு.
ஆட்டின் கழுத்தடி மயிர்,
கத்தரி படாமல் கையால் பிடுங்கியது.
மூச்சு விட்டால் நகரும் இழை.
எங்கள் வழக்கப்படி ஓரத்தில்தான் தொடங்கியிருந்தாள்:
முதலில் நீளமாய் ஒரு பல்வரிசை நாடா,
அதன் நேர்விளிம்பில் கண்ணிகளைப் பொறுக்கி
உள்நோக்கி அலைத்தடம்.
இரண்டு கண்ணியை ஒன்றாக்கு,
ஊசிமேல் ஒரு சுற்று சுற்று.
போனது ஒன்று, வந்தது ஒன்று,
கணக்கு நேர்,
துளை மட்டும் லாபம்.

ஓரம் அவள் கை. அலையும் அவள் கை.
நடுச்சதுரம்
வேறு யாரோ.

கட்டினேன். ஓரம் அலை அலையாய் விரிந்தது,
நடு மட்டும் பறைத்தோல்போல் விறைத்து நின்றது.
ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு வெட்டு இழுப்பு,
முடிச்சு நழுவிவிடுமோ என்று சோதிக்கிற இழுப்பு.
கம்பளி பின்னுகிறவள் அப்படி இழுக்கமாட்டாள்.
வலை முடிகிறவன் இழுப்பான்.

ஜூன் தொடங்கி ஓஸ்லா பால்டாசவுண்டில்
ஹெர்ரிங் குடல் எடுத்துக்கொண்டிருந்தாள்.
பத்து விரலிலும் துணிக்கட்டு,
கட்டுக்குள் உப்பு.
அந்த விரலில் ஊசி நிற்காது.
மான்சியோ படகுத்துறையில் வழுக்கி
தொடை எலும்பு முறிந்து
கூரையைப் பார்த்துக் கிடந்தான்.
இதற்குமேல் நான் விளக்கவேண்டியதில்லை.

கண்காட்சியின் சட்டம் அச்சடித்துக் கடைக் கதவில் ஒட்டியிருக்கிறது:
'ஒரே கையின் வேலையாக இருக்கவேண்டும்.'
அது அவர்கள் சட்டம்.
என் சட்டம் மரத்தால் ஆனது,
முளையைக் கொஞ்சம் தள்ளி அடிக்கலாம்.

நடுவை மட்டும் மறுபடி நனைத்தேன்.
காற்றில்லாத இரண்டு நாள்,
இங்கே அது அதிசயம்.
மணிக்கொரு தரம் எழுந்துபோய்
அரை விரல் அரை விரலாய் இழுத்தேன்.
மூன்றாம் நாள் அவிழ்த்தபோது
பறவைக்கண் முழுதும் இமை திறந்திருந்தது.
என் மோதிரத்தைக் கழற்றி
ஒரு முனையை நுழைத்தேன்.
முழுச் சால்வையும் அந்தப் பக்கம் போய் விழுந்தது.

'இரண்டு ஷில்லிங். நடுவுக்கு ஆறு பென்ஸ் கூடுதல்.'
'ஏன்?' என்றாள் ஓஸ்லா.
'இறுக்கம்.'
காது மடல்வரை சிவந்தாள்.
ஆறு பென்ஸை எண்ணாமலே வைத்தாள்.
படியிறங்கி, திரும்பி வந்து,
'ரொம்பவா?' என்று கேட்டாள்.
'ஊசியை ஒரு அளவு பெரிதாக்கச் சொல்' என்றேன்.
யாரிடம் என்று நான் சொல்லவில்லை.

பரிசு இரண்டாவதுதான்.
முதல் பரிசு வாங்கிய சால்வையும்
நான் கட்டியதுதான்.
அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

நவம்பரில் இன்னொன்று கொண்டுவந்தாள்.
சட்டத்தில் ஏற்றினேன்.
நடு தளர்வாய், தண்ணீர்போல் படிந்தது.
இந்த முறை
ஓரத்துப் பல்வரிசைதான்
வெட்டு வெட்டாய் இறுகியிருந்தது.