ஈரத்துக்கு இரண்டு கிலோ

நாளுக்கு முந்நூறு கலோரி எரிக்கச் சொன்னார்
கோத்தகிரி டாக்டர்.
எரிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்றேன்.
தராசுக்காரி வேறெப்படிக் கேட்பாள்?
பன்னிரண்டு வருடமாகக் கொள்முதல் கொட்டகையில்
பச்சைத் தேயிலை நிறுக்கிறேன்.
முள் காட்டாத எதையும் நோட்டில் ஏற்றியதில்லை.

திருப்பூரிலிருந்து கொழுந்தன் வாட்ச் அனுப்பினான்.
வயது கேட்டது, நாற்பத்தொன்று.
எடை கேட்டது.
நாலு கிலோ குறைத்துச் சொன்னேன்,
ராத்திரி எழுந்து
எண்பத்து நாலு என்று திருத்தினேன்.

முதல் நாள், தண்ணீர்த் தொட்டி வரை ஏறி இறங்க
இருநூற்றுப் பன்னிரண்டு.
மறுநாள் அதே மேடு, அதே கால், அதே செருப்பு,
இருநூற்று நாற்பத்தேழு.
மிச்சம் முப்பத்தைந்து யாருடையது?
மூடுபனி எரிந்ததா?

எங்கள் தராசுக்கு வருடம் ஒருமுறை
முத்திரை ஆய்வாளர் வருவார்.
இருபது கிலோ இரும்புக்கல்லை மேடையில் வைப்பார்,
இருபது காட்டாவிட்டால் அன்று கொள்முதல் இல்லை.
இதற்கு எந்தக் கல்லை வைப்பது?

நானே சோதித்தேன்.
வாரை இறுக்கினால் ஒரு கணக்கு, தளர்த்தினால் ஒரு கணக்கு.
ஜனவரிக் குளிரில் விரல் விறைத்த காலையில்
நாடியே இல்லை என்றது.
பயந்துபோய் இரண்டு படி தாவிப் பார்த்தேன்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலில் தலைசாய்த்துத்
தூங்கியபடி மலையேறினேன்,
வளைவுக்கு வளைவு குலுங்கிய கையைப் பார்த்து
ஆயிரத்து நூறு அடி நடந்ததாகப் பாராட்டியது.

ஒரு விடியலில் வழியில் காட்டெருமை.
ஒற்றை. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை,
மூக்கில் ஆவி.
பதினோரு நிமிடம் நான் இமைக்கவும் யோசித்தேன்.
அது நின்று மென்றது,
பிறகு யார் வீட்டுக் கேரட்டையோ நோக்கி
மெதுவாக இறங்கியது.
நாடி நூற்று முப்பத்தெட்டு,
தொண்ணூற்றாறு கலோரி,
சிறப்பான பயிற்சி என்றது மணிக்கட்டு.

அப்புறம்தான் யோகமலரிடம் கேட்டேன்,
ஒருநாள் கட்டிக்கொள்கிறாயா,
கொழுந்து பறிக்கிற கையில்.
"ரெண்டு கையாலதானே பறிக்கிறேன்" என்றாள்.
எட்டு மணிக்குக் கட்டினாள், மூன்றுக்குக் கழற்றினாள்.
வாரில் இலைக்கறை.
சாக்கு இருபத்தெட்டரை.
வாட்ச், ஆயிரத்துச் சொச்சம்.

கொஞ்சம் பொறு,
இதற்குள் இருப்பது என் உடம்பு.
என் எண்பத்து நாலு கிலோவையா நாள் முழுக்கச்
சரிவில் ஏற்றி இறக்கினாய்?
முதுகுச் சாக்கை எழுத இதில் இடமே இல்லையே.

திருத்த உட்கார்ந்தேன்.
வயது?
"ரேஷன் கார்டுல அம்பத்திரெண்டு, ஆதார்ல நாப்பத்தொம்பது,
எது வேணாலும் போடுங்க."
உயரம், கதவு நிலையில் நிறுத்தி டேப்பால் அளந்தேன்.
எடைக்கு,
இலைத் தராசின் மேடையில் ஏறினாள்,
எதற்கோ செருப்பைக் கழற்றிவிட்டு.

நாற்பத்தாறு எண்ணூறு.
"நாற்பத்து நாலு எண்ணூறு" என்றேன் சத்தமாக.

வாய்ப்பழக்கம்.
தூறல் நாளில் ஈரத்துக்கு இரண்டு கழிப்போம்.
அவள் முக்காட்டிலும் தூறல் இருந்தது.

"என்னையும் ஈரம்னு கழிச்சிட்டீங்களாக்கும்."

அவள் சிரித்தாள்.
வரிசையில் சாக்கோடு நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கழிந்த நாளை வாட்ச் மறுபடி கணக்கிடாதாம்,
புது உடம்பு நாளையிலிருந்துதான்.
"அப்ப இன்னைக்கு எரிஞ்சது?"
அவள் கேட்டபோது நான் அவள் சாக்குக்கு
ஏற்கெனவே மையில் எழுதிவிட்ட
இருபத்தாறரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை தொட்டி வரை ஏறினேன்.
வாட்சில் இன்னும் அவள்தான்.
அதே மேட்டுக்கு நூற்றிருபது காட்டியது.
மாற்ற வேண்டும்.
அன்று எந்த எடையைப் போட்டேன் என்பது மட்டும் நினைவில்லை,
நாற்பத்தாறா, நாற்பத்து நாலா.
திறந்தால் தெரிந்துவிடும்.
புல்லில் நடந்து கால் நனைந்திருக்கிறது,
முதலில் துடைத்துக்கொள்கிறேன்.