தடைக்காலச் செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு.
தங்கச்சிமடம் ஆரம்ப சுகாதார நிலையத்து
வேப்பமரத்தடியில் இருபத்தோரு வயிறுகள்.
என் டோக்கன் பதினேழு.

எடை ஐம்பத்தெட்டே முக்கால்.
"செருப்பக் கழட்டு" என்றாள் சகுபர் நிஷா அக்கா.
கழற்றினேன். ஐம்பத்தெட்டரை.
கால் கிலோ சின்னப்பாலத்து மணல்
வாசலில் கிடந்தது.

விரலில் குத்தினாள். ரத்தம் வரவில்லை.
அடுத்த விரல். அதிலும் இல்லை.
"என்ன விரலுடி இது, நண்டு ஓடு மாதிரி?"
பதினாலு வயசிலிருந்து பாசி எடுக்கிற விரல் அக்கா.
துணி சுற்றிக்கொண்டு பிடுங்கினாலும்
பாறை தேடி வந்து அறுக்கும்.
கடைசியில் சுண்டுவிரல் இரக்கப்பட்டு
ஒரு சொட்டுக் கொடுத்தது.
ஒன்பது புள்ளி இரண்டு.
முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று
எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னவள்
எனக்கு மட்டும் கூடுதலாய்,
"மாத்திரைய கோழிக்குப் போடாத."
யார் சொல்லியிருப்பார்கள்?

கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
பள்ளம்.
அலை திரும்பிய ஈரமணலில் கால்தடம்போல
மெதுவாய் நிரம்பியது.
இரண்டுபேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு பிரஷர். அவள் புருவம் கூடியது.
"பத்து நிமிஷம் உக்காரு. எதையும் நினைக்காத."

ஜன்னலுக்கு வெளியே ஆண்கள்.
கடலுக்குப் போகாத கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார்கள்.
இன்னாசியின் நகக்கண்ணில் நீலப் பெயிண்ட்,
ஓனர் படகுக்கு இரண்டாம் பூச்சு.
சினைமீன் முட்டையிட்டு முடிக்க
அரசாங்கம் தருகிறது அறுபத்தொரு நாள்.
நான் ஐந்தாம் மாதம்வரை
மூச்சடக்கிக் குனிந்துகொண்டிருந்தேன் தண்ணீருக்குள்.
நினைக்காதே என்றால்
இதெல்லாம்தான் வருகிறது.

இரண்டாவது பிரஷர் பரவாயில்லை.
படுக்கச் சொன்னாள்.
டேப்பில் முதல் மூன்று சென்டிமீட்டர் கிழிந்துபோயிருக்கிறது,
மனதுக்குள் கழித்து எழுதுகிறாள்
பல வருடமாய், எல்லார் வயிற்றிலிருந்தும்.

ஜெல் தீர்ந்துவிட்டது. தேங்காயெண்ணெய்.
தொப்புளுக்கு இடப்பக்கம் கருவியை வைத்தாள்.
இரைச்சல்.
கொஞ்சம் கீழே. இரைச்சல்.
வலப்பக்கம்.
அவள் எதுவும் பேசவில்லை, நானும்.
எனக்கே தெரியாமல் மூச்சை அடக்கியிருந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று…
பாசிக்கு முங்கும்போது என் கணக்கு ஐம்பதுவரை போகும்.
முப்பத்தெட்டில் கிடைத்தது.
டிக்டிக்டிக்டிக் என்று
அவசரமாய் எங்கோ போகிற சின்னச் சத்தம்.
"நூத்தி நாப்பத்திரெண்டு. நீ மூச்ச விடு தாயி."
வெளியே பேச்சு நின்றது.
ஜன்னல் கம்பியில் ஒரு நீல விரல்.

அவனையும் உள்ளே கூப்பிட்டாள்.
"ஜூன் பதினஞ்சு. பக்கத்துல ஆள் இருக்கணும்."
எனக்கு அந்தத் தேதி நாலு மாதமாய்த் தெரியும்.
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
பதினாலு ராத்திரியோடு தடை முடிகிறது.
பதினஞ்சு விடியலில் ஐஸ் ஏற்றிய படகெல்லாம்
ஒன்றையொன்று முந்திக்கொண்டு கிளம்பும்.
ஓனரிடம் இருபதாயிரம் முன்பணம் வாங்கியாயிற்று,
ஸ்கேன் செலவு, வீட்டு ஓடு.
"முன்னப்பின்ன ஆகுமா சிஸ்டர்?"
"ஆகும். ஆனா ஒன்னயக் கேட்டு ஆகாது."
அட்டையை வாங்கிப் பார்த்தான்.
தேதிக்குப் பக்கத்தில்
நீலமாய் ஒரு பெருவிரல் பதிந்தது.

சாப்பிட்டபின் அசைவை எண்ணச் சொல்லியிருந்தாள்,
பத்து வரணும்.
ஷேர் ஆட்டோவில் இரண்டு வாழைப்பழம் தின்றேன்.
அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டேன்.
நான் சத்தமாய் எண்ணினேன்.
அவனும் உதடசைய
ஏதோ எண்ணிக்கொண்டு வந்தான்.
ஆறு. ஏழு.
வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டது.
"இதையும் சேக்கவா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
கையை எடுக்கவில்லை.