ரிச், பெட்டி, ஆர், பெட்டி

அஸ்தம்பட்டியில்
ஏற்காடு ரோட்டைப் பார்த்தபடி என் கடை.
இரண்டு கணினி, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் ஒன்று,
மழை வந்தால் முதலில் நனையும் யுபிஎஸ்.
சித்திரை முழுக்க ஆய்வேடுகள்,
மிச்ச மாதங்களில் வண்டிகளுக்குப் பெயர்.

கருப்பூரில் கணக்குப் படிக்கும் இன்பவள்ளி
கையால் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு தாள்களை
மேசையில் வைத்தாள்.
தாளுக்குத் தாள் ஓர் எழுத்து
மழைக்கு ஒதுங்கிய நாய்க்குட்டியாய்
வாலைச் சுருட்டி நின்றது.

'இது p தானே?'
'இல்லைங்க. p ஒரு எண்.
இது அதுக்கு மேல இருக்கறது.'
'மேலன்னா?'
பேனாவை மூடியோடு நீட்டிச் சன்னலைக் காட்டினாள்.
வெயிலில் சேர்வராயன் மலை சாம்பல் பூசியிருந்தது.
'சேலத்துக்கு மேல ஏற்காடு இருக்கற மாதிரின்னு வைங்க.
சில p-க்கு மேல ஒண்ணுதான் இருக்கும்.
சிலதுக்கு ரெண்டு.
எப்ப ரெண்டாகும்ங்கறதுதான் அஞ்சாம் அத்தியாயம்.'

சரி என்றேன். புரிந்த மாதிரிதான் இருந்தது.
குறியீட்டுப் பட்டியலில் கிரேக்கத்தைத் தாண்டி,
அம்புகளைத் தாண்டி, சீட்டுக்கட்டு ஆடுதனையும் தாண்டிக்
கண்டுபிடித்தேன்: 𝔭.
கறுத்து, கொம்பு முளைத்து,
மையில் முக்கிய கருவேல முள்.
அறுநூறு தடவை ஒட்டினேன்.

அதே வாரம் ரிச்சர்டு வந்தான்.
தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றும் ஜீப்.
முன் கண்ணாடிக்குப் பெயர்.
ஏதோ செயலியில் எழுதி வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான்,
'இதே எழுத்துதான்க்கா வேணும், மாத்திராதீங்க.'
பார்த்தால் எல்லாம் இன்பவள்ளியின் ஆட்கள்.
தன் பெயரைக் கணக்கில் எழுதியிருக்கிறான்,
அவனுக்கே தெரியாது.
உரையாடலில் ரிச்சர்டு என்று தேடினேன்,
அப்படி யாரும் இல்லை என்றது போன்.

இயந்திரத்தில் ஏற்றினால் வந்தது:

ℜℑℭℌ□ℜ□

இரவு உட்கார்ந்து படித்தேன்.
சி, எச், ஐ, ஆர், இசட்:
இந்த ஐந்து பெரிய எழுத்துகளுக்கு முன்பே பட்டா கிடைத்து
பழைய தெருவில் குடியேறிவிட்டன.
மற்றவை பிறகு வந்தன, புதுத் தெருவுக்கு.
அங்கே அந்த ஐவருக்கான மனைகள்
இன்றும் காலியாகக் கிடக்கின்றனவாம்,
முள்வேலிகூட இல்லாமல்.
என் இயந்திரத்துக்குத் தெரிந்தது பழைய தெரு மட்டும்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத் தயாராய் இருந்தேன்.
அவன் சிரித்த சிரிப்பில் டீ கொண்டுவந்தவன் நின்றுவிட்டான்.
'ரிச்சுன்னு வந்திருக்குக்கா!
ஜீப்புக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி.'
பெட்டிகளை அழிக்கப் போனேன், கையைத் தடுத்தான்.
'இருக்கட்டும். கேக்கறவனுக்குச் சொல்ல
ஒரு விஷயம் வேணும்ல.'

ஆய்வேடு தைத்து வந்த பிறகுதான் தெரிந்தது.
எழுபத்து நாலாம் பக்கம், ஒன்பதாம் வரி:
ஒரே ஓர் இடத்தில் கொம்பில்லாத வெறும் p.
அந்த வரியில் மட்டும்
மலை இறங்கி ஐந்து ரோட்டில் நின்றது.
தேற்றம் பொய்.

இன்பவள்ளி ஒன்றும் சொல்லவில்லை.
கறுப்புப் பேனா கேட்டாள்.
ஐந்து பிரதிகளிலும், ஸ்டூலில் உட்கார்ந்து,
ஒவ்வொரு கொம்பாக வரைந்தாள்.
மூன்றாவதில் மை கொஞ்சம் கசிந்தது.
எனக்கென்னவோ, அறுநூறிலும்
அதுதான் உயிரோடிருந்தது.

அன்று ஏழு மணிக்கு மின்சாரம் போனது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்தேன்.
மலையில் ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருந்தது,
ஒற்றைப் புள்ளி வெளிச்சம்.
எந்த வளைவு என்று தெரியவில்லை,
திரும்பியதும் அது
இரண்டானது.