இருபத்தொரு மூட்டை

சஜாவில் எங்கள் கேம்புக்குப் பின்னால்
கிடந்ததை மண் என்று சொல்ல முடியாது.
சுண்ணாம்புப் பொடி, நொறுங்கிய தார்,
யாரோ கழற்றி எறிந்த சேஃப்டி ஷூவில் ஒற்றைக் கால்.
தண்ணீர் ஊற்றினால் குடிக்காது.
மேலேயே கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுப்
பக்கவாட்டில் போய்விடும்.

நான் ஏசி மெக்கானிக்.
எழுபத்திரண்டு அறை, எழுபத்திரண்டு பெட்டி,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குழாய்
ராத்திரி முழுக்கச் சொட்டும்.
போர் தண்ணீரில் உப்பு. இதில் இல்லை.
உள்ளே தூங்குகிறவர்களின்
மூச்சும் வேர்வையும்கூட இதில் உண்டு என்றேன்.
மெஸ் சவரிராயன் முகம் சுளித்தார்.
சுளித்துக்கொண்டே பக்கெட் தந்தார்.

நானூறு பேர் குடித்த டீயின் சக்கை,
முட்டை ஓடு, வெங்காயச் சருகு,
வெள்ளிக்கிழமை மத்தியின் செதிலும் குடலும்.
ஷஃபிக்குல் எங்கோ போய்
இரண்டு சாக்கு ஒட்டகப் புழுக்கை கொண்டுவந்தான்.
எல்லாம் ஒரே ட்ரம்மில்.
நாற்றம் மூன்றாம் பிளாக் வரை போயிற்று.
அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டால் அடங்கும் என்பதை
கேம்ப் பாஸிடம் திட்டு வாங்கிய பிறகே கற்றோம்.

முதல் தண்டுக்கீரை
இரண்டாம் இலையிலேயே மஞ்சளாகிச் சாய்ந்தது.
மக்கும்வரை பொறுக்கவில்லை நாங்கள்.
"சோறு வேகுமுன் பந்தியில் உட்கார்ந்தா எப்படி?"
சமையல்காரர் வேறு எப்படிச் சொல்வார்.

தோட்ட வேலைக்குப் போகும் டிலாராம்
ஒரு டப்பாவில் யூரியா கொண்டுவந்தான்.
ஒரு மூலைக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம்.
நாலே நாளில் பச்சை,
ஆறாம் நாள் அசுவினி.
கடைந்தால் குழம்பு தண்ணீராய் ஓடியது.
டப்பாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்,
அவன் கோபித்துக்கொள்ளவில்லை,
மறுவாரம் முள்ளங்கி விதை கொடுத்தான்.

பிறகு ஒருநாள் கிளறும்போது
மண்புழு.
யாரும் வாங்கவில்லை. யாரும் விடவில்லை.
எந்த நர்சரித் தொட்டியில் ஒளிந்து வந்ததோ,
விசா யார் கொடுத்ததோ.
ஷஃபிக்குல் அதை உள்ளங்கையில் வைத்து
வீட்டுக்கு வீடியோ கால் போட்டான்.
அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

கீரை தின்று ரத்தம் ஊறியதா என்று கேட்காதீர்கள்.
மெடிக்கலில் அதை யாரும் எண்ணிச் சொல்வதில்லை.
இரண்டாம் பிளாக்கில் ஒரு பையன்
வாய்ப்புண் மாத்திரை கேட்டு அலைவதை நிறுத்தினான்.
கீரையா, வேறெதுவுமா,
சத்தியம் செய்ய மாட்டேன்.
சாயங்காலம் சுரண்டித் தின்ற முள்ளங்கி
மூக்குவரை ஏறியதற்கு மட்டும் நான் சாட்சி.

இரண்டாம் வருடம், மாசி மாதம்,
நோட்டீஸ்:
கேம்ப் உம்முல் குவைனுக்கு மாறுகிறது. ஒருநாள் அவகாசம்.
ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி.

அன்று இரவு யாரும் பெட்டி கட்டவில்லை.
காலி சிமெண்ட் சாக்குகளை உதறி
ஒரு முழ ஆழம்வரை அள்ளினோம்.
இருபத்தொரு மூட்டை.
அள்ள அள்ளக் கறுப்பு,
அதற்கும் கீழே பழைய சுண்ணாம்பு வெள்ளை,
நாங்கள் வந்தபோது இருந்த அதே முகம்.

பஸ் டிரைவர் குல் ஜமான் ஒரு சாக்கை அவிழ்த்தார்.
கையை உள்ளே விட்டார். முகர்ந்தார்.
என்ன இது என்று கேட்கவில்லை.
கடைசி சீட்டை மடக்கி இடம் செய்து,
ரவுண்டானாக்களில் மெதுவாகத் திருப்பினார்.

புது கேம்பின் பின்புறமும் வெள்ளைதான்.
கரண்ட் வந்திருந்தது,
ஏசிகள் இன்னும் பெட்டிக்குள்ளேயே.
ராத்திரி ஒரு மணிக்கு ஒன்றைத் தூக்கி மாட்டினேன்.
அறையில் இருந்த ஆறு பேரும்
நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுத் தூங்கிப்போனார்கள்.

நான் வெளியே,
குழாயின் வாயில் விரலை வைத்து
நின்றுகொண்டிருந்தேன்.