ஏழாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

மூன்றாம் மாடியில் அவரை விசாரிக்கிறார்கள்.
நான் கீழே, ஹீட்டர் பக்கத்தில்,
பூட்ஸில் ஒட்டிவந்த பனி உருகிக் குட்டையாவதைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
குஷிரோவில் ஜனவரி. நாலரைக்கே இருட்டிவிடும்.

வக்கீல் வைத்துக்கொள்ள உமக்கு உரிமை உண்டு
என்று முதல் நாளே அவரிடம் சொன்னார்களாம்.
வக்கீல் எந்த மாடியில் இருப்பார்
என்பதை மட்டும் சொல்லவில்லை.

பெயர் தாகுபோ ஷிகெமித்சு. வயது ஐம்பத்தெட்டு.
மீன் ஆலையில் குடல் எடுக்கும் வேலை.
அந்த வேலை போன வாரத்தில்
முதலாளியின் வலைக்கொட்டகை எரிந்துபோனது.
விசாரணையைப் படம் பிடிக்கிறீர்களா என்று கேட்டேன்.
யாரும் படுத்துறங்காத கட்டிடம்,
கேமரா கட்டாயமில்லை என்றார்கள்.
வலைகள்தான் படுத்திருந்தன.

எங்களுக்கிடையே ஒரு கண்ணாடித் தடுப்பு,
அதில் வட்டமாகப் பொத்தல்கள்.
குனிந்து அந்தப் பொத்தல்களிடம் சொன்னேன்:
பேசாதீர்கள்.
எவ்வளவு நேரம்?
அவர்கள் கேட்டு ஓயும்வரை.
அவர் யோசித்தார். பிறகு,
எதிரில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கும்போது
வாய்மூடி உட்கார்வது மரியாதையா, வக்கீலம்மா?

சட்டக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.
ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு வந்தேன்.
அதில் அவர் எழுதினார், குழந்தை எழுத்தில்:

நாலாம் நாள். ஒன்பதரை முதல் ஐந்து வரை. ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பு வலி.

ஒன்பதாம் நாள். நிஷிகோரி ஐயாவின் மகள் நர்ஸ் பரீட்சையில் தவறிவிட்டாளாம். பாவம்.

பத்தாம் நாள் காலி.

பதினாலாம் நாள். எனக்காக அவர் அழுதார். இதுவரை எனக்காக யாரும் அழுததில்லை.

அந்த வரியைப் படித்தபோதே
எனக்குத் தெரிந்துபோயிற்று.
அடித்திருந்தால் தழும்பைக் காட்டி வாதாடலாம்.
அழுததை எந்த நீதிபதியிடம் காட்டுவது?

எங்கள் நாட்டில் வாக்குமூலத்தைச்
சொன்னவர் எழுதுவதில்லை.
கேட்டவர் எழுதுவார், சொன்னவராகவே மாறி.
பத்தொன்பதாம் நாள் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார்கள்:
'நான் கடுஞ்சினத்தின் வசப்பட்டவனாய்
மண்ணெண்ணெயைத் தெளித்து…'
வசப்பட்டவனாய்!
மீன் செதிலும் உப்புமாய் முப்பது வருஷம் நின்ற மனிதர்
அந்தச் சொல்லை வாய்க்குள் எப்படிப் போட்டுக்கொண்டிருப்பார்?

படித்துக் காட்டினார்கள்.
திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள்;
கேட்கவேண்டும், அது சட்டம்.
உண்டு என்றாராம் தாகுபோ.
அறையில் பேனா நின்றிருக்கும்.
நான் நினைத்துப் பார்க்கிறேன் அந்த நொடியை,
மேலே போக முடியாத இந்தப் படிக்கட்டிலிருந்து.

எங்கள் மொழியில் 'நான்' என்பதற்குப் பல சொல்.
அவர்கள் எழுதியது 'வதாஷி',
சட்டைப் பொத்தானை மேல்வரை போட்ட நான்.
அவர் பிறந்ததிலிருந்து சொன்னது 'ஒரே',
படகிலும் சாராயக்கடையிலும் சொல்லும் நான்.
இது நான் இல்லை ஐயா, என்றாராம்,
ஏழாம் பக்கத்தில் விரல் வைத்து,
நான் இப்படிச் சொல்வதில்லை.

அதை மட்டும் அடித்து, மேலே எழுதி,
ஓரத்தில் அவர் கட்டைவிரலை ஒற்றினார்கள்.
மண்ணெண்ணெய் அப்படியே இருந்தது.
தீக்குச்சி அப்படியே இருந்தது.
மற்ற ஏழு பக்கத்து வதாஷிகளும் அப்படியே.

தடுப்புக்கு அந்தப்புறம் இதைச் சொன்னபோது
கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவர் முகத்தில்.
நான் சிரித்துவிட்டேன். பிறகு
கைக்குட்டை தேடினேன்.
கொட்டகைக்கு நீங்கள்தான் தீ வைத்தீர்களா?
இல்லை என்றார்,
நேரம் கேட்டால் சொல்வதுபோல.

இப்போது அந்தத் தாளின் நகல் என் மடியில்.
உப்புநீரில் தேய்ந்த விரல்,
ரேகை சரியாக விழவில்லை.
சிவப்பாய் ஒரு வழுக்கல், அவ்வளவுதான்.
எட்டுப் பக்கத்தில் அவர் பேசியது
அந்த ஒரு சொல்.
அதை வைத்துக்கொண்டு
நாளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மேலே நாற்காலி இழுபடும் ஓசை.
இன்று நாள் இருபத்தொன்று.
பனிக்குட்டை வாசல் வரை போய்விட்டது.