வேப்பூர் மண்டபத்தில் ஒரு மதியம்

பந்தியில் மூன்றாம் வரிசை.
ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தவர்கள்
இலையை விட்டு எழுந்து ஓடிய பின்
நான் வந்தேன், ஊதுகுழாயோடு.

முதலில் மைக் செட்டை நிறுத்து, கொளஞ்சி.
நாயனம்தான், ஆனாலும் நிறுத்து.
மயக்கத்தில் கால் போகும், கழுத்துப் போகும்,
காது கடைசிவரை போகாது.

எடையைக் கண்ணால்தான் போட வேண்டும்.
ஐம்பத்தைந்து என்றேன்.
அறுபது என்றார் வனக்காவலர் பிலவேந்திரன்,
சந்தையில் கடா வாங்கிப் பழகியவர்.
அந்த ஐந்து கிலோவில்
மான் சாகாது.
எனக்குத்தான் ராத்தூக்கம் போகும்.

சமையல்கட்டுச் சன்னல் வழியே ஒரு மூச்சு.
தொடையில் சிவப்புக் குஞ்சம்.
திரும்பிப் பார்த்தது,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

ஆறு நிமிடம் ஒருவரும் உள்ளே போகவில்லை.
ஏழாவதில்
பாயசம் சிந்திய தரையில்
பின்னங்கால் மடங்கியது.

கொம்பைப் பிடிக்காதே தம்பி,
இன்னும் தோல் உரியவில்லை, உள்ளே ரத்தம் ஓடுகிறது.
நெஞ்சு தரையில் படட்டும். தலை மேலே, மூக்கு கீழே.
தின்றது எதிர்த்து வந்தால் வெளியே வடியட்டும்.

இந்தத் தூக்கத்தில் கண் மூடாது.
களிம்பிட்டேன். கட்டத் துணி கேட்டேன்.
மாப்பிள்ளை தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தைத் தந்தார்.
அவர் அம்மா வாயைத் திறந்து
மூடிக்கொண்டார்.

குட்டியானை வண்டியில் மான்.
சிரிக்க நேரமில்லை.
நிமிடத்துக்கு இருபது மூச்சு. பதினெட்டு. பதினெட்டு.
தட்டெல்லாம் மூத்திரம், என் முழங்கால் வரை.

காப்புக்காட்டு ஓரம், முந்திரி நிழல்.
மாற்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு
போடாமல் இருப்பதுதான் கஷ்டம்.
செலுத்திய இரண்டில் ஒன்றுக்குத்தான் மாற்று உண்டு.
மற்றது தானாகக் கரைய வேண்டும்.
அவசரப்பட்டால் பாதி மான் எழும்,
பாதி இன்னும் பந்தியில் கிடக்கும்.

நாற்பதாவது நிமிடம்.
கழுத்து நரம்பில், மெல்ல.
கண்கட்டை அவிழ்த்துவிட்டு
வண்டிக்குப் பின்னால் ஒளிந்தோம்.

முதலில் இடது காது.
வெளியே தொங்கிய நாக்கு உள்ளே போனது.
எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து,
நாலு காலையும் எண்ணிப் பார்ப்பதுபோல்
நின்றது.

பிறகு அங்கே முந்திரிச் சருகுதான் இருந்தது.

ஐந்து மணிக்கு அங்கவஸ்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்,
துவைக்காமல்தான்.
மாப்பிள்ளை முகர்ந்து பார்த்து
மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

கொளஞ்சி அதுவரை
மைக்கைப் போடவே இல்லை.