பூச்சியமும் கோடும்

தை மாதத்து இரண்டாம் ஞாயிறு,
காலை ஆறே கால்.
நிலாவெளி உப்பளத்தின் மூன்றாம் வரம்பில் தொடங்கிக்
களப்பின் வாய் வரைக்கும்
நடந்து எண்ணுவது.
மழை என்றால் குடை.
குடையைக் கண்டு எழும்பிப் போனவற்றைச்
சேர்க்கக் கூடாது.
விதி அவ்வளவுதான்.

முதல் கொப்பி எண்பத்திரண்டு.
ஒற்றை றூள், எண்பது பக்கம்,
பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.
கூழைக்கடா பதினேழு.
பவளக்கால் உள்ளான் இருநூற்றுப் பத்து.
அரிவாள்மூக்கன் ஆறு.
'பெயர் தெரியாத சிறிசுகள், மெத்த' என்பது
ஜுனைதீன் எழுதியது.

மீன்பிடிக் கந்தோரில் அவன் எனக்கு எதிர் மேசை.
கிண்ணியாவிலிருந்து முதல் பாதையில்
சைக்கிளோடு வந்து இறங்குவான்.
பூநாரை என்றால் அவனுக்குக் கண் பெருக்கும்.
நான் முப்பது என்றால்
அவன் நாற்பத்தைந்து.
"உண்ட கண் கஞ்சன்ட கண்" என்பான்.
இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்து
முப்பத்தேழரை என்று பதிந்தோம்.
அந்த அரைப் பூநாரை
இன்னும் கொப்பியில்
ஒற்றைக் காலில் நிற்கிறது.

எண்பத்தாறில், சோதனைச் சாவடியில்,
கொப்பியை மணல்மூட்டையில் விரித்து
ஒருவன் கேட்டான்:
ஆலா அறுபது என்றால் ஆட்களா, படகுகளா?
வடக்கேயிருந்து வந்தது என்றிருக்கிறதே,
வந்தது யார்?
நான் வானத்தைக் காட்டினேன்.
அன்றைக்கு வானத்தில்
ஒரு காகம்கூட இல்லை.
கொப்பி திரும்பி வந்தது.
தொலைநோக்கி அங்கேயே நின்றுவிட்டது.
அதன்பிறகு வெறுங்கண்;
ஆகவே எண்பத்தேழிலிருந்து
சின்ன உள்ளான்கள் அத்தனையும் ஒரே இனம்.

தொண்ணூற்றொன்று, கோடு.
தொண்ணூற்றிரண்டு, கோடு.
தொண்ணூற்றாறு வரைக்கும் கோடு.

கோடு வேறு, பூச்சியம் வேறு.
போனேன், நின்றேன், பார்த்தேன்,
ஒன்றுமில்லை என்றால் பூச்சியம்.
கோடு என்றால் போகவில்லை.
முகாம் கூடாரத்தில் நான்
அரிசி அட்டைக்குத் தலை எண்ணிக்கொண்டிருந்தபோது
ஆளில்லாத வரம்பில்
ஆயிரம் மூக்கன்கள் சேற்றைக் குத்தியிருக்கலாம்.
ஒன்றுகூட இல்லாமலும் இருந்திருக்கலாம்.

இரண்டாயிரத்து ஐந்து, பூச்சியம்.
கடல் வந்துபோய்ச் சரியாக இரண்டு ஞாயிறு.
போனேன். நின்றேன்.
நிற்பதற்கு மூன்றாம் வரம்பு இருக்கவில்லை.
அந்த ஒரு பூச்சியத்தை மட்டும்
பேனாவால் இரண்டு தரம் சுற்றியிருக்கிறேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.

போன வருடம் டிலக்சனா
பல்கலைக்கழக ஆய்வுக்கென்று
கொப்பிகளைக் கணினியில் ஏற்றினாள்.
திரையைத் திருப்பிக் காட்டினாள்:
ஆறு வருடம் வரிசையாகப் பூச்சியம்.
கோட்டை அது எண்ணாக எடுக்காதாம்.
"அழியுங்கள்" என்றேன்.
"வெறுமையாக விட்டால் படம் அறுந்து நிற்கும், ஐயா."
அறுந்து நிற்கட்டும் என்றேன்.
ஒவ்வொரு கட்டமாக அழிக்கும்வரை
தேத்தண்ணியைத் தொடவில்லை.

பிறகு கேட்டாள்:
இரண்டாயிரத்துப் பதினொன்றுக்குப் பின்
பூநாரை ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது,
இறால் பண்ணையா, ஹோட்டல் வெளிச்சமா,
களப்பின் வாய் தூர்ந்ததா?
எல்லாம்தான், பிள்ளை.
ஆனால் அதில் பாதி ஜுனைதீன்.
அந்த வருடம்தான் அவன் மௌத்தானான்.
அவனுடைய நாற்பத்தைந்து இல்லாமல்
என்னுடைய முப்பது தனியே நின்றது.
அவள் விரல்கள் விசைப்பலகைமேல்
கொஞ்ச நேரம் சும்மா கிடந்தன.
அப்படியொரு காரணத்துக்கு
அவளிடம் கட்டம் இல்லை.

இந்தத் தை, தூறல்.
குடை. முழங்காலில் மருந்துத் துணி.
கூழைக்கடா நாலு.
பவளக்கால் உள்ளான் தொண்ணூற்றெட்டு.
பூநாரை இருபத்தாறு.
எண்ணி முடிக்கமுன் எழும்பியது
இன்னும் ஒன்று,
குடையைக் கண்டுதான்.
அதைச் சேர்க்கவில்லை.

ஜுனைதீன் சேர்த்திருப்பான்.